மாடல் மேசையில் எதைக் கேட்பது: வானொலியா, பாட்டா, கதையா, மழையா?

போன ஆடிச் சாரலில் என் மேசை வானொலி நின்றுபோனது. குன்னூரில் ஈரம் ஏறாத சாமான் கிடையாது, பதினான்கு வருடம் உழைத்ததே பெரிது. புதிதாக ஒன்று வாங்க இரண்டாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்த வாரத்தில்தான் கோவையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். அவன் இப்போதுதான் மாடல் கட்ட, அதாவது நிஜப் பொருளின் சின்ன உருவைத் துண்டு துண்டாக ஒட்டிச் செய்ய, ஆரம்பித்திருக்கிறான். 1:72 அளவில், நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, ஒரு ஹரிகேன் போர் விமானம். "மாமா, நீங்க மாடல் பண்றப்போ என்ன கேப்பீங்க? பாட்டுப் போட்டா கவனம் போகுது, போடலைன்னா அரை மணி நேரத்துல எந்திரிச்சிடறேன்" என்றான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடமாக ஏதோ ஒன்று பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எது வேலைக்குத் துணையாக இருந்தது, எது கெடுத்தது என்று நான் கவனித்துப் பார்த்ததில்லை.

சரி, பணம் போடும் முன் பார்த்துவிடலாம் என்று இரண்டு மாதம் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய வானொலி, மருமகன் கொடுத்த ப்ளூடூத் ஸ்பீக்கர், காதில் மாட்டும் ஹெட்செட், அப்புறம் ஒன்றுமே இல்லாமல். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம், ஞாயிறு பகல் முழுவதும். கண்ணாடி அடைத்த வராண்டா, மேலே தகரக் கூரை, கிழக்கே சன்னல், கீழே ரயில் பாதை. இதுதான் என் இடம்.

என்ன வேலை என்று சொன்னால்தான் மற்றது புரியும். மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலின் ஹில்குரோவ் நிலையத்தை, முப்பது சென்டிமீட்டர் பாதையோடு, 1:87 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். இது மீட்டர் அகலப் பாதை. 1000 மி.மீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. வரும், கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் போதும். கஷ்டம் நடுவில் இருக்கிறது. கல்லாரிலிருந்து குன்னூர் வரை 1899லிருந்து ரயில் ஏறுவது பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை அது. பல் வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள், இடையே 44 மி.மீ. இடைவெளி, ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம். பல்லுக்குப் பல் 120 மி.மீ. மாடலில் அந்த இடைவெளி அரை மி.மீட்டராகச் சுருங்குகிறது, பல்லுக்குப் பல் 1.38 மி.மீ. முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையில் 217 பல், இரண்டு பட்டைக்கும் 434. பிளாஸ்டிக் தகட்டிலிருந்து நறுக்கிய கீற்றில் கத்தியாலும் ஊசி அரத்தாலும் ஒவ்வொன்றாக வெட்டுகிறேன். இதோடு கூடவே நிலையக் கட்டடத்துக்குச் சாயம், தேய்ப்பு வேலை, ஒட்டு வேலை எல்லாம் நடக்கும்.

முதலில் வானொலி. அதன் பெரிய நன்மை, நாம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பது. கையில் எப்போதும் பசையோ சாயமோ இருக்கும் வேலை இது. போனில் பாட்டு ஓடினால் பிடிக்காத பாட்டைத் தள்ள விரல் நீளும். விரலில் இருந்த சாயம் திரையில் அப்பும், திரையில் இருந்த எண்ணெய்ப்பிசுக்கு விரலோடு வந்து மாடலில் படியும். அந்த இடத்தில் அடுத்த பூச்சு ஒழுங்காகப் பிடிக்காது. வானொலி அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், கை தன் வேலையில் இருக்கும்.

இரவல் வானொலி கொடுத்த பெரியவர் இலங்கையில் மலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்று. இங்கே வந்து தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கவாத்து வெட்டியவர். "சில்வர் ஓக் கிளையில டிரான்சிஸ்டர மாட்டிட்டுத்தான் கத்தியக் கையில எடுப்போம் தம்பி. எந்தப் பாட்டு வருதுன்னு யாரு பார்த்தா? நாலு பேருக்கும் ஒரே சத்தம் கேக்கும், அதுதான்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. வானொலி வேலை செய்யும் இடத்தை நிரப்புகிறது, ஆளை இழுப்பதில்லை. அடுத்தது என்ன என்று தெரியாததால் அதைப் பற்றி யோசிப்பதும் இல்லை. நேரமும் தெரிந்துவிடும். முன்பெல்லாம் காலை 7.15க்கு டெல்லிச் செய்தி என்றால் பள்ளிக்குக் கிளம்ப எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரம் பார்க்காமலே தெரிந்துவிடும்.

மலையில் எஃப்.எம். கேட்பது இடத்தைப் பொறுத்தது. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. குறுக்கே ஒரு முகடு நின்றால் அதோடு சரி. என் கிழக்குச் சன்னல் மேட்டுப்பாளையம் பக்கம் திறந்து கிடப்பதால் அங்கே வைத்தால் கோவை நிலையங்கள் அடுத்த அறையில் பேசுவதுபோல் கேட்கும். அதே பெட்டியைச் சமையலறைச் சுவரோரம் வைத்தால் கரகரப்புதான் மிச்சம். பழனி மலையில், கொடைக்கானலில் இருக்கும் என் மாடல் நண்பருக்கு இந்தத் தொல்லை இல்லை. கோடைப் பண்பலை 100.5 அவர் ஊரிலிருந்தே ஒலிபரப்பாகிறது. மத்திய அலை (மீடியம் வேவ்) மலை மடிப்புகளுக்குள் வளைந்து வந்துவிடும், ஆனால் மேசை விளக்கு அதைக் கெடுக்கிறது. மலிவான எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருக்கும் மின்சுற்று மத்திய அலையில் ஒரே இரைச்சலாகப் போடும். போன் சார்ஜரும் அப்படித்தான். விளக்கை அணைத்துவிட்டு மாடல் கட்ட முடியாது. எனவே வானொலி என்றால் எஃப்.எம்.தான், அதுவும் உங்கள் வீட்டின் எந்தச் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு ராத்திரி ஒரு தனியார் நிலையத்தில் மெல்லிய பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 61வது பல்லில் இருந்தேன். பாட்டு முடிந்த நொடியில் நகைக்கடை விளம்பரம் இரண்டு மடங்கு சத்தத்தில் வந்து விழுந்தது. தோள் அதிர்ந்து கத்தி நழுவி, 58, 59, 60 மூன்றையும் சீவிக்கொண்டு போய்விட்டது. இந்த அளவில் பல்லை ஒட்டவைக்க முடியாது. கீற்றையே எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகு கத்தி கையில் இருக்கும்போது விளம்பரம் வரும் நிலையத்தை நான் வைப்பதில்லை. அகில இந்திய வானொலியின் நிதானம் சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். அறிவிப்பாளர் ஒரே மட்டத்தில் பேசுவதும், பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி இருப்பதும் நுண்வேலைக்குப் பெரிய வரம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பல் வெட்டும்போது அந்த நிதானமான பேச்சும் சிக்கல் செய்தது. எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது. 143 என்று மனதில் இருக்கும், அணை நீர்மட்டம் இத்தனை அடி என்று செய்தியில் வரும், அவ்வளவுதான். எண்ணே இல்லாத பேச்சிலும் தவறியது. புரியாத மொழி என்றால் பரவாயில்லையோ என்று இங்குள்ள படுகர் மக்களின் மொழியில் படுகப் பாட்டு வைத்துப் பார்த்தேன். நீலகிரியில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் காதில் விழும் பாட்டு, துள்ளலான மெட்டு, எனக்குப் பாதிச் சொற்கள்தான் புரியும். அப்போதும் தவறியது.

இதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. கோல், வெல்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எழுத்துகளின் வரிசையைப் பார்த்து நினைவில் வைத்துத் திரும்ப எழுத வேண்டும். அந்த நேரம் பின்னணியில் ஜெர்மன் மொழியில் ஒருவர் வாசிப்பது ஓடும். எழுதுபவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. இருந்தும் தவறுகள் கூடின. பொருள் புரிய வேண்டியதே இல்லை, மனிதக் குரல் மாறி மாறி ஒலித்தாலே வரிசையைப் பிடித்து வைத்திருக்கும் நினைவு கலைந்துபோகிறது. 1989ல் சலாமே, பேட்லி இருவரும் இசையை வைத்து இதேபோல் பார்த்தார்கள். வாத்திய இசையைவிட வாய்ப்பாட்டு அதிகம் கெடுத்தது. நம் மேசைக்கு இது அப்படியே பொருந்தும். பல் எண்ணுவது மட்டுமில்லை, பெட்டியில் வரும் குறிப்புத்தாளைப் பார்த்து "பி14, சி7, சி8" என்று எண்களை மனதில் வைத்துக்கொண்டு, துண்டுகள் ஒட்டியபடியே வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் அவற்றைத் தேடுவதும் வரிசையைப் பிடித்து வைக்கும் வேலைதான். இடது பாகத்தை வலதில் ஒட்டிவிட்டு வருந்துவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். குறிப்புத்தாள் விரித்திருக்கும்போது பேச்சும் வேண்டாம், வார்த்தை உள்ள பாட்டும் வேண்டாம். அக்கா மகனுக்குக் கவனம் போவது அங்கேதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்புறம் ஏற்றப்பாட்டு ஞாபகம் வந்தது. கமலையும் ஏற்றமும் இருந்த காலத்தில் தண்ணீர் இறைத்தவர்கள் பாடிக்கொண்டேதான் எண்ணினார்கள். எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கு பாட்டின் அடிகளுக்குள்ளேயே வரும். அங்கே பாட்டு கணக்கைக் கெடுக்கவில்லை, கணக்கைச் சுமந்தது. அந்த வழியில் போய்ப் பார்த்தேன். தம்பூரா சுருதியை மட்டும் மெல்ல ஓடவிட்டு, எட்டு எட்டாக, ஆதி தாளத்தில், வாய்விட்டு எண்ணினேன். தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஓர் ஆவர்த்தனம். 217 பல் என்பது 27 ஆவர்த்தனமும் ஒரு பல்லும். ஒரு ஆவர்த்தனம் முடிந்ததும் தாளில் ஒரு கோடு. முதல் பட்டை இரண்டு ராத்திரியில் ஒரு பிழை இல்லாமல் முடிந்தது. சுருதி என்பது பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, மாறாத ஓர் ஓசை. அதில் ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் எண்ணிக்கை கலைவதில்லை. எண்ணும் வேலை உள்ளவர்கள் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள் என்று உரிமையோடு சொல்வேன்.

வாத்திய இசை அதற்கு அடுத்தபடி. புல்லாங்குழல், வீணை, வயலின் ஆலாபனை எதுவும் தேய்க்கும்போதும் அரம் போடும்போதும் நன்றாக இருக்கிறது. நாகசுரத்தை மட்டும் நான் இதற்கு வைப்பதில்லை. எனக்கு அது உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. வேலைக்கான இசையைப் பற்றி முன்பே நன்றாக யோசித்தவர்கள் உண்டு. போர்க்காலத்தில், 1940 ஜூனில், பிபிசி தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்று தினம் இரண்டு வேளை இசை ஒலிபரப்ப ஆரம்பித்தது. அது 1967 வரை நடந்தது. தெரிந்த மெட்டுகள், பெரும்பாலும் வாத்தியம், ஏறி இறங்காமல் ஒரே மட்டமாகச் சத்தம். நகைக்கடை விளம்பரத்தில் மூன்று பல்லை இழந்தவனுக்கு அந்த மட்டத்தின் அருமை தெரியும்.

இங்கே நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாடல் வேலையில் காது சும்மா இருக்கும் உறுப்பு என்று நினைத்துத்தான் அதற்கு என்ன தீனி போடலாம் என்று நாம் தேடுகிறோம். அது சும்மா இல்லை. பாதி வேலையைக் காதுதான் சொல்லிக்கொடுக்கிறது. துண்டைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது வெட்டுக் குறடு நல்ல பதத்தில் இருந்தால் "டிக்" என்று விழும், மழுங்கியிருந்தால் "நறுக்" என்று நெரியும், அந்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துப் போயிருக்கும். தகட்டைக் கத்தியால் கீறும்போது ஆழம் கூடக்கூட ஒலி கனத்துக்கொண்டே வரும். எப்போது நிறுத்திவிட்டு ஒடிக்கலாம் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும். அரை மி.மீ. துளையூசி உடையப்போகும் முன் ஒரு சின்னக் கீச்சு வரும். காற்றழுத்தத்தால் சாயம் தெளிக்கும் ஏர்பிரஷின் முனையில் சாயம் காய்ந்து அடைக்க ஆரம்பித்தால் சீறல் மாறும், அடுத்த நொடி புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். அதற்குக் காற்று தரும், டாங்க் வைத்த கம்ப்ரசர் மூன்று பார் அழுத்தத்தில் ஓட ஆரம்பித்து நான்கில் நிற்கும் வகை. வழக்கத்தைவிட அடிக்கடி ஓடினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். பனிமூட்ட நாளில் குழாயில் நீர் சேர்ந்தால் அதையும் சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், இடுக்கியிலிருந்து தெறித்துப் போகும் துண்டு. மாடல் கட்டும் எல்லோருக்கும் தெரியும் இந்த வேதனை. இரண்டு மி.மீ. கைப்பிடி ஒன்று "டிங்" என்று பறக்கும், கண் பார்ப்பதற்குள் காணாமல் போகும். எங்கள் பழைய வீட்டில் பலகைத் தரை. எந்த மூலையில் விழுந்தது, ஒரு தடவை குதித்ததா இரண்டு தடவையா என்று காது சொல்லிவிடும். ஹெட்செட் மாட்டியிருந்த இரண்டு வாரத்தில் மூன்று துண்டுகள் போயின, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டியில் ஒரு துண்டு போனால் அதற்கு மாற்று வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே மாடல் கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அப்பா. குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். எஞ்சின் கண்ணில் படும் முன் காதில் பட்டதை வைத்தே என்ன கோளாறு என்று சொல்வார். இந்த எஞ்சினில் இரண்டு ஜோடி சிலிண்டர். சாதாரணப் பாதையில் உயர் அழுத்த ஜோடி மட்டும் சக்கரத்தை உருட்டும். கல்லாரில் பல்சக்கரப் பாதையில் ஏறியதும், அங்கிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் குறைந்த அழுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் பாதையில், பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும்போது அந்த இரண்டு ஜோடியின் மூச்சும் தனித்தனியாகக் கேட்கும் என்பார். இப்போது வருவது பெரும்பாலும் திருச்சி பொன்மலைப் பணிமனையில் கட்டிய எண்ணெய் எரிக்கும் எஞ்சின்கள். ஆனாலும் காலை பத்தரை மணிவாக்கில் அது குன்னூருக்குள் வரும்போது நான் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன். இந்த ரயிலின் ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டே மாடல் கட்டலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன். மனசு ரயிலோடு போய்விடுகிறது, கை நின்றுவிடுகிறது. கட்டுகிற பொருளின் சத்தத்தை வேலைக்கு முன் பத்து நிமிடம் கேட்கலாம். வேலையின்போது வேண்டாம்.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். மேசையில் அதற்கு நல்ல இடம் உண்டு, கடிகாரமாக. ஒரு பாட்டு நாலிலிருந்து ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி பசையைப் பிசைந்து ஒட்டினால் ஒரு பாட்டு முடியும்வரை விரலை எடுக்கக் கூடாது, மூன்று பாட்டு முடியும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. மாடலில் ஒட்டும் சின்னம், எழுத்து அச்சிட்ட டீக்காலைத் தண்ணீரில் போட்டால் பல்லவி முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், பிறகு தாளின் மேலேயே சரணம்வரை ஊறவிட்டால் தானாக நழுவி வரும். கையில் பசையோடு கடிகாரம் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். கெடுதல் எங்கே என்றால், பிடித்த பாட்டு வந்தால் வாய் சேர்ந்து பாடும், மூச்சு அதற்குப் போகும், தூரிகை தாளத்துக்கு ஆடும். சாயத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த உலர்தூரிகையால் துருக்கறை வைப்பதற்கு அந்த ஆட்டம் நல்லது. சன்னல் சட்டத்துக்கு நேர்கோடு போட அது ஆகாது. ஒரு மில்லிமீட்டர் கோட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போட வேண்டும். ஆகவே எண்பதுகளின் பாட்டுகளை நான் ஒட்டு வேலைக்கும் துருவேற்றும் வேலைக்கும் வைத்துக்கொண்டேன்.

கதை கேட்பது இந்த இரண்டு மாதத்தில் எனக்குப் புதிதாகக் கிடைத்த சந்தோஷம். கல் சுவருக்குக் கல் கல்லாகச் சாயம் வைக்கும்போது மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. கைக்கு வேலை உண்டு, மனசுக்கு வேலை இல்லை என்ற நிலையில் ஒலிநூலைப் போல் துணை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: ஏற்கெனவே படித்த கதையாக இருக்க வேண்டும். படிக்காத கதையில் திருப்பம் வந்தால் தூரிகை அந்தரத்தில் நிற்கும், அதில் சாயம் காயும். படித்த கதையில் அந்தப் பதற்றம் இல்லை, முதல் வாசிப்பில் தாண்டிப் போன வர்ணனை எல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. ஹில்குரோவ் நிலையத்தின் வடக்குச் சுவரைப் பார்த்தால் எனக்கு ஒரு சரித்திர நாவலின் படகுப் பயணம் ஞாபகம் வருகிறது, அந்த அத்தியாயம் ஓடியபோது வைத்த கற்கள் அவை.

முன்பு ஞாயிறு மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் வரும், படத்தை வசனமாகவே கேட்போம். அதே மாதிரி, பலமுறை பார்த்த படத்தைப் போனில் ஓடவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பதும் நன்றாக இருக்கிறது. திரையைக் கவிழ்ப்பது முக்கியம். கிரிக்கெட் வர்ணனை மட்டும் வேண்டவே வேண்டாம். கூட்டம் திடீரென்று கத்தும், நாமும் எழுந்துவிடுவோம். அரட்டை நிகழ்ச்சிகளும் எனக்கு ஒத்துவரவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சுவர் வைப்பதுகூடத் தடுமாறுகிறது.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக் கூரையில் நிதானமாகப் பிடித்துப் பெய்யும் மழைக்கு ஈடான பின்னணி எதுவும் இல்லை. நாய்க் குரைப்பு, லாரி ஹாரன், பக்கத்து வீட்டுப் பாத்திரச் சத்தம் எல்லாவற்றையும் அது மூடிவிடும். திடுக்கிட ஒன்றும் இருக்காது. ஆனால் மழை நாளில் சாயம் அடிக்கக் கூடாது. லாக்கர் சாயம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷும் அப்படியே. குன்னூரில் மாடல் கட்டுபவன் இதற்காக வாரக்கணக்கில் வெயிலுக்குக் காத்திருப்பான். அதனால் மழைக்கென்று நான் வைத்திருப்பது வெட்டும் வேலையும் எண்ணும் வேலையும்தான். வெயில் அடிக்கும் நாளில் சாயம். ஏர்பிரஷ் எடுத்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறேன், கம்ப்ரசர் ஓடும் சத்தத்துக்கு மேல் எதையும் உரக்க வைத்துக் கேட்பதில் பயனில்லை, அதன் சீறலைக் கேட்டாக வேண்டியும் இருக்கிறது.

ஹெட்செட்டை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெறிக்கும் துண்டு ஒரு காரணம். இன்னொரு காரணம் காட்டுமாடு. எங்கள் சரிவில் ராத்திரியில் அது வாசல்வரை வரும். வராண்டாக் கதவைத் திறந்து சாயத் தண்ணீரைக் கொட்டப் போகும் முன், செடி முறியும் சத்தம் கேட்கிறதா என்று நின்று கேட்க வேண்டும். மூன்றாவது காரணம் அம்மா. எழுபத்தெட்டு வயது, அடுத்த அறையில் படுத்திருப்பார். ஹெட்செட் மாட்டிய நாட்களில் ஒருமுறை கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். "தண்ணி வேணும் கண்ணு. அது போகட்டும், ஏன் ரேடியோவை நிறுத்திட்ட? வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்றார். என் மேசைக்காக நான் வைக்கும் சத்தம் அவருக்கும் துணையாக இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கடைசியில் வாங்கியது மெமரி கார்டு போடும் வசதியுள்ள ஒரு சின்ன எஃப்.எம். வானொலி, ஆயிரத்து இருநூறு ரூபாய். பேட்டரியில் ஓடும், மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போவது சாதாரணம். கார்டில் மூன்றே மூன்று அடைவுகள்: சுருதி, வாத்தியம், படித்த கதைகள். போனில் இணையம் இங்கே மூட்டம் போட்டால் நின்று நின்று வரும், கார்டில் அந்தப் பிரச்சினை இல்லை. மேசைமேல் வைக்கவில்லை, கிழக்குச் சன்னல் திட்டில், எனக்கும் அம்மா அறைக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். மீதிப் பணத்தில் புது வெட்டுக் குறடு வாங்கினேன், அதன் "டிக்" அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

அக்கா மகன் இருப்பது அடுக்குமாடி வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சீரியல் ஓடும். அவனுக்கு ஹெட்செட் இல்லாமல் முடியாது. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள், மற்றக் காது மேசையில் இருக்கட்டும், கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். குறிப்புத்தாள் பார்க்கும்போது சுருதி, இறக்கைக்குச் சாயம் வைக்கும்போது கதை. "டீக்கால் ஒட்டறப்போ மாமா?" என்று கேட்டான். உனக்குப் பிடித்த பாட்டு ஏதாவது போட்டுக்கொள், சேர்ந்து பாடாதே என்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது பட்டையில் நேற்று ராத்திரி பதினான்கு ஆவர்த்தனம் முடித்து நிறுத்தினேன், 112 பல்.